கறுப்பு வயர்

வைப்பர் இடப்பக்கம் போனால் வெளிச்சம் மங்கும்
வலப்பக்கம் வந்தால் மூச்சுவிட்டதுபோல் கூடும்.
புளியரை எஸ் வளைவில் மழை,
பின்னால் நாற்பது கிலோ பிச்சிப்பூ,
எதிரே மரலாரி.
ஹார்ன் அடித்தேன்.
இருந்த வெளிச்சமும் அணைந்து வந்தது.

ஆல்ட்டர்னேட்டர் போயி சேச்சி, என்றான் புனலூர் ஷிபு,
ஆறாயிரத்து ஐநூறு.
ஆறாயிரத்து ஐநூறு ஓமனக்குட்டனிடம் இருக்கிறது.
எனக்குத் தரவேண்டிய வண்டிக்கூலி பாக்கி.
நாளெ என்பார் அவர்.
நாங்கள் நாளை என்போம்.
செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும்
ஓரெழுத்துதான் வித்தியாசம்,
இரண்டும் வருவதில்லை.

ஞாயிறு. லோடு இல்லை.
ஆம்னியின் சீட்டைத் தூக்கினால் எஞ்சின்,
உலைமூடியைத் திறந்த மாதிரி.
மஞ்சள் மீட்டரின் ஒரு முனையை
பேட்டரி மைனஸில் வைத்தேன்,
இன்னொன்றை எஞ்சின் இரும்பில்.
பக்கத்துவீட்டு ஜெபகனி சாவியைத் திருகினாள்.
ஒன்று புள்ளி ஒன்று.
ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில்
ஒரு வோல்ட்டுக்கு மேல்.

சிவப்பு வயர் தடிமனாகக்
கம்பெனி பெயரோடு மினுங்கியது.
கறுப்பைத் தொட்டேன்,
பச்சைப் பொடியாக விரலில் வந்தது.
போவதற்கு ராஜபாட்டை,
திரும்பிவர ஒற்றையடிப்பாதை.
என் யாவாரம் மாதிரியே இருக்கே, என்றேன்.
ஜெபகனி சிரிக்கவில்லை.
அவளுக்கும் நான் இருநூறு தரவேண்டும்.

செங்கோட்டையில் பீர்முகம்மது காயலான் கடை.
பழைய வெல்டிங் கேபிள், உள்ளே செம்பு நூல்நூலாக.
எடைக்குத்தான் தருவேன் என்றார். நானூற்றிருபது.
லக் ஆறு, தொண்ணூறு.
உப்புத்தாள் பன்னிரண்டு.
கிரிம்பிங் கருவி ஒருநாள் வாடகை முந்நூறாம்,
அதை விட்டுவிட்டேன்.
மீட்டர்கேஜ் தண்டவாளத் துண்டொன்று மூலையில் கிடந்தது.
அதன்மேல் லக்கை வைத்து
அவர் சுத்தியலாலேயே அடித்துக்கொண்டேன்.
தெறிச்சிரும் தாயி, என்று
தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தந்தார்.
அதைப் போட்டதும் லக் எங்கே என்றே தெரியவில்லை.

மைனஸை முதலில் கழற்றவேண்டும்.
மோதிரத்தையும்.
பத்தாம் நம்பர் போல்ட் சுற்றவில்லை, சுற்றவில்லை,
சுற்றியது,
தலை மட்டும்.
வாயில் ஒரு கெட்டவார்த்தை வந்தது, மலையாளத்தில்.
வேறு துளை தேடிப் பெயிண்டைச் சுரண்டினேன்,
வெள்ளை இரும்பு தெரியும்வரை.
பெயிண்டுக்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும்
அது கல்யாணவீட்டுக் கைகுலுக்கல்தான்.
பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று,
பாடியிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று,
முன்லைட்டுகளின் கறுப்பைச் சேர்த்துக்கட்ட ஒன்று.
மேலே வாசலின்,
இந்த மலைச்சாரலுக்கு எதுவும் போதாது என்றாலும்.

எர்த் என்கிறோம்.
நாலு ரப்பர் டயரில் நிற்கிற வண்டிக்கு
மண்ணோடு என்ன ஒட்டு?
தன் உடம்பையே மண்ணென்று வைத்துக்கொள்கிறது.

மறுபடி மீட்டர். மறுபடி சாவி.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.
இரண்டுபேரும் குனிந்து பார்த்தோம்
பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா
என்று பார்ப்பதுபோல.

திங்கள், விடியுமுன் புனலூர்.
ஓமனக்குட்டன் கடை ஷட்டர் பாதி ஏறியிருந்தது.
பூவை இறக்கவில்லை.
ஹைபீம் போட்டேன்.
தராசு, வாழைநார்க் கட்டு, போனவருஷக் காலண்டர், கல்லாப்பெட்டி
எல்லாம் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றன.
கையால் கண்ணை மறைத்து
எந்தா இது, என்றார்.
திரும்பிவர்ற வழியைச் சரிபண்ணினேன்
என்றேன், தமிழில்.
வைப்பரைப் போட்டேன்.
ஹார்னை அழுத்தினேன், நீளமாக.
எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.
வெளிச்சம் இம்மி அசையவில்லை.

நாலாயிரம் எண்ணித் தந்தார், ஈரநோட்டாக.
மிச்சம் நாளெ.

இடதுலைட் இன்னும் கொஞ்சம் மஞ்சள்தான்.
பல்பு கறுத்திருக்கும். அதற்கு எண்பது ரூபாய்.
ஜெபகனியின் இருநூறைத் தனியாக மடித்து
டேஷ்போர்டில் செருகிக்கொண்டு
எஸ் வளைவில் இறங்கினேன்.
நன்றாக விடிந்திருந்தது.
லைட்டை அணைக்க மனமில்லை.